வீட்டில் இருந்தே பாடம் படித்த வக்கீல் அம்மாள்: 40 ஆண்டு ஒளிந்திருந்த கொலைகாரன் சிக்கினான்!

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 13 கொலை செய்துவிட்டு 40 ஆண்டு போலீசாருக்குத் தண்ணி காட்டிய ஒருவன், அப்படிப் பாடம் படித்த ஓய்வு பெற்ற வக்கீல் அம்மாள் ஒருவர் போட்ட கணக்கில் மாட்டிக்கொண்டான்.

அதன் விவரம் வருமாறு:-

முகமூடி ஆசாமி

கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதல் 1986 வரை ஒரு முகமூடி ஆசாமி இரவில் வீடு புகுந்து அட்டூழியம் செய்தான். 13 பேரைத் தீர்த்துக்கட்டினான். சுமார் 50 பெண்களைப் பலாத்காரம் செய்தான்.

அவனது டி.என்.ஏ. என்ற மரபணுத் தடயம் போலீசார் கையில் இருந்தது. பழைய குற்றவாளிகள் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. வழக்கு அப்படியே கிடந்தது.

புதுப் பாடம்

பார்பரா ரே-வென்டர் நியூசிலாந்தில் பிறந்தவர். உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அமெரிக்காவில் பேடன்ட் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றார். குடும்ப வம்சாவளியைத் தேடும் ஆசை வந்தது. தத்துப் போனவர்கள் பெற்றவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இணையத்தில் நடந்த வகுப்பில் சேர்ந்தார்.

பாடம் இதுதான்: மனிதனின் டி.என்.ஏ. ஏ, சி, ஜி, டி என்ற 4 எழுத்தில் எழுதிய 300 கோடி எழுத்து. உறவுக்காரர்களுக்குள் சில பகுதிகள் அப்படியே ஒன்றாக இருக்கும். உறவு தூரமானால் அந்த அளவு குறையும். பாட்டனுக்குப் பாட்டன் ஒருவராக இருந்தால், சராசரியாக 100-ல் 1 பங்குகூட ஒத்திருக்காது. அந்தத் துளியைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும்.

படித்ததோடு அவர் நிற்கவில்லை. பெற்றோரைத் தேடுகிறவர்களுக்கு உதவி செய்து கை பழகினார். சிறு வயதில் கைவிடப்பட்டு, தன் உண்மைப் பெயரே தெரியாமல் வளர்ந்த ஒரு பெண்ணின் கேஸ் 2015-ல் வந்தது. அடுத்த ஆண்டு அவர் யார் என்று தெரிந்துவிட்டது. இதைக் கேள்விப்பட்ட துப்பறிவாளர் பால் ஹோல்ஸ், 2017-ல் முகமூடிக் கொலைகாரன் கேசுக்காக அம்மாளிடம் வந்தார்.

நீலக் கண்

கொலையாளியின் டி.என்.ஏ. விவரத்தை ஜெட்மேட்ச் போன்ற வம்சாவளி இணையதளங்களில் போட்டுப் பார்த்தார்கள். தூரத்துச் சொந்தக்காரர்கள் சிலர் கிடைத்தார்கள். அவர்களுடைய முன்னோர் யார் என்று பல தலைமுறை பின்னால் போனார்கள். பிறகு அங்கிருந்து பிள்ளை, பேரன் என்று கீழே இறங்கி வந்தார்கள்.

கடைசியில் சில ஆண்கள் மிஞ்சினார்கள். கொலையாளிக்கு நீலக் கண் இருக்கும் என்று டி.என்.ஏ. கணக்கு சொன்னது. டிரைவிங் லைசென்சில் பார்த்தால் ஒருவனுக்கு மட்டுமே நீலக் கண்!

அவன் பெயர் ஜோசப் ஜேம்ஸ் டி ஏஞ்சலோ. வயது 72. ஒரு காலத்தில் அவனே போலீஸ்காரன்! கடையில் சுத்தியலும் நாய் விரட்டும் மருந்தும் திருடியதால் 1979-ல் வேலை போனவன்.

போலீசார் அப்போதும் அவசரப்படவில்லை. அவனது கார் கைப்பிடியிலும், குப்பையில் போட்ட காகிதத்திலும் டி.என்.ஏ. எடுத்துச் சரிபார்த்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. 2018 ஏப்ரல் 24-ந் தேதி கைது. 2020 ஜூனில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஆகஸ்டில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது.

அப்பாவி முதியவர்

இதே வழக்கில் 2017-ல் ஒரு தவறும் நடந்தது. ஒரிகான் மாநிலத்தில் முதியோர் இல்லத்தில் கிடந்த 73 வயதுக்காரர் மீது சந்தேகம் விழுந்தது. ஓர் அபூர்வ மரபணு அடையாளம் ஒத்துப்போனதுதான் காரணம். கோர்ட்டு உத்தரவு வாங்கி அவரிடம் டி.என்.ஏ. எடுத்தார்கள். அவர் அப்பாவி!

"ஒத்துப்போகிறது" என்பது வேறு. "அவனேதான்" என்பது வேறு. இந்தப் படிப்பில் முதலில் மனதில் பதியவேண்டியது இதுதான். அரைகுறையாகப் படித்தவன் கணக்குப் போட்டால், ஒரு பாவமும் அறியாதவன் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும்.

யார் படிக்கலாம்?

மரபணுவைக் கம்ப்யூட்டரில் அலசும் இந்தத் துறைக்கு உயிர்த்தகவலியல் என்று பெயர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2014-ல் நடத்திய வகுப்புகளின் வீடியோ இணையத்தில் இலவசம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் மைக்கேல் குரோமிகாவின் பாடத்தை என்.பி.டெல். மூலம் காசில்லாமல் கேட்கலாம். சர்டிபிகேட் வேண்டும் என்றால்தான் பரீட்சைக் கட்டணம்.

வீடியோ பார்த்துத் தலையாட்டினால் மட்டும் வேலை வராது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும், கொஞ்சம் புள்ளியியலும் வேண்டும். கை பழக ரோசலிண்ட் என்ற இணையதளத்தில் கணக்குகள் இருக்கின்றன. சுலபமானதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும். கொரோனா வைரசின் 29,903 எழுத்தையும் அமெரிக்க அரசின் ஜீன்பேங்க் சேமிப்பில் இருந்து இலவசமாக எடுத்து வைத்து அலசிப் பார்க்கலாம்.

ராத்திரி ஒரு பாடம் கேட்டால், மறுநாள் அதில் ஒரு கணக்காவது போட்டுப் பார்க்கவேண்டும். விடை வந்ததும், அது தப்பாக இருக்க வழி உண்டா என்று இன்னொரு முறை சரிபார்க்கவேண்டும்.