முட்டையிட மாட்டாத கோழியும் அதன் பராமரிப்பும்

வீட்டுக் கொல்லையில் நான்கைந்து கோழிகளேனும் வளர்க்காத குடியானவர் சிலரே. அவற்றுள் ஒன்று இரை தின்னாது, இறகை உப்பிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி மூலையில் ஒதுங்கி நிற்குமாயின், அடைக்கு வந்துவிட்டதென்று எண்ணி விட்டுவிடுவோர் பலர். வெள்ளைக்கழிச்சல் என்று அஞ்சி அன்றே அறுத்துவிடுவோரும் உண்டு. முட்டை உள்ளே தங்கிவிட்டாலும் கோழி இவ்விதம் நிற்கும். அன்றைக்கே கவனித்தால் பிழைக்கக்கூடிய கோழி, ஓரிரு நாள் தாமதத்தால் மாண்டுபோம். நன்றாக முட்டையிடும் கோழிக்கே இந்நோய் பெரும்பாலும் வருவதால், நஷ்டமும் அதிகம்.

முட்டை உண்டாகும் விதம்

காட்டுக் கோழி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 10 முதல் 15 முட்டைகளே இடும். வெள்ளை லெகார்ன் ஜாதியோ 250 முட்டைகளுக்கு மேலும் இடுவதுண்டு. கோழிக்கு இடப்புறத்து முட்டைக் குழாய் ஒன்றே வேலை செய்கிறது. ஒரு முட்டை உருவாகி வெளிவரச் சுமார் 25 மணி நேரம் செல்லும். அதில் 20 மணி நேரம் ஓடு அமைவதற்கே ஆகிறது. ஒவ்வோர் ஓட்டிலும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீவனத்தில் இச்சத்துக் குறைந்தால் ஓடு மெலிவதோடு, குழாயின் தசைகளும் வலுவிழந்து, முட்டையை வெளியே தள்ளமாட்டா.

முட்டை தங்குதல்

அடைகோழி கொக்கரித்துச் சீறும். இரைக்கும் நீருக்கும் எழுந்து வரும். முட்டை தங்கிய கோழியோ இரையை வெறுத்து, அடிக்கடி முக்கி, வாலை ஏற்றி இறக்கும். அதைத் தனியே பிரித்து, கை பொறுக்கும் வெந்நீரில் அடிவயிறு நனையுமாறு கால்மணி நேரம் நிறுத்துக. பின்பு ஈரம் போகத் துடைத்து, எச்சத்துவாரத்தில் சிறிது தேங்காயெண்ணெய் தடவி, வெதுவெதுப்பான இருட்டறையில் வைக்கோல் மீது பஞ்சாரத்தால் மூடிவைக்கலாம். குடிநீர் அருகில் இருத்தல் அவசியம். வயிற்றை அழுத்துவதும், உள்ளிருக்கும் முட்டையை உடைப்பதும் கூடாது. ஓட்டுத் துண்டுகள் குழாயைக் கிழித்துச் சீழ் பிடிக்கச் செய்யும். அன்று மாலைக்குள் முட்டை வராவிடில் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோதலே நலம்.

குழாய் வெளித்தள்ளுதல்

பெரிய முட்டையிடுவதாலோ, உடலில் கொழுப்பு மிகுவதாலோ, குழாயின் நுனி செந்நிறமாக வெளியே தொங்குவதுண்டு. சிவப்பைக் கண்ட மற்றக் கோழிகள் கொத்திக் குடலையே இழுத்துவிடும். ஆதலால் கோழியைப் பிரிப்பதே முதற் சிகிச்சை. தொங்கும் பாகத்தைச் சுத்தமான வெதுவெதுப்பான நீரால் கழுவி, வீக்கம் வற்றச் சர்க்கரை தூவி, எண்ணெய் தடவிய விரலால் மெல்ல உள்ளே செலுத்தவேண்டும். சிலநாள் மங்கிய வெளிச்சத்தில் வைத்தால் முட்டையிடுதல் நின்று, புண் ஆற இடமுண்டாகும்.

வயிற்றில் மஞ்சட்கரு சேர்தல்

சில வேளை மஞ்சட்கரு குழாயில் சேராமல் வயிற்றுக்குள் விழுந்து அழுகும். வயிறு பருத்துத் தொங்க, கோழி வாத்துப்போல் நடக்கும். இதற்கு வீட்டு வைத்தியம் பயன்படாது. வைத்தியராலும் எப்போதும் காப்பாற்ற இயலாது. பிழைக்காதென்று அவர் கூறினால், அதனை நெடுநாள் வதைபட விடாது முடித்தலே தருமம். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை அவர் குறிப்பிட்ட நாள்வரை உண்ணலாகாது.

தடுக்கும் வழி

கிளிஞ்சல் தூளையோ, உலர்த்திப் பொடித்த முட்டையோட்டையோ தனித் தட்டில் வைத்தால், முட்டையிடுங் கோழி வேண்டிய அளவு தானே பொறுக்கிக்கொள்ளும். குஞ்சுகளின் தீவனத்தில் இதனைக் கலக்கலாகாது. மிகுந்த சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நொய்யும் தவிடும் மட்டுமே இடாமல், பிண்ணாக்கும் கீரையும் சேர்த்து, பகலில் மேயவிடுக. விடைக்கோழிகளை விளக்கு வெளிச்சத்தால் பருவத்திற்கு முன்னே முட்டையிடத் தூண்டாதிருக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் ஒன்று கவனிக்க: மேற்சொன்ன நோய்கள் ஒவ்வொரு கோழியாகவே வருவன. ஊரில் பல கோழிகள் ஒருசேர வாடினாலோ, ஓடில்லா முட்டைகள் பரவலாகக் கண்டாலோ, அது தொற்றுநோயாக இருக்கக்கூடும். அன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவித்தால் ஊர்க் கோழிகள் பல தப்பக்கூடும்.