வலது கைக்கு ஓய்வு... எந்த வண்டியில், எது வரைக்கும்?

ஊருக்குப் போய்த் திரும்பியதும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வலது கையை உதறி உதறி விடுகிறாரா உங்கள் வீட்டுக்காரர்? “கை மரத்தே போச்சு, கொஞ்சம் வெந்நீர் வை” என்கிறாரா? அல்லது குழந்தையைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து ஆபீஸ், வரும் வழியில் காய்கறி என்று ஸ்கூட்டரே கதியாகிவிட்ட உங்களுக்கே ராத்திரியில் விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா?

இந்த அவஸ்தைக்கென்றே சின்னச் சின்னச் சாதனங்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஆக்சிலேட்டர் கைப்பிடியில் மாட்டிக்கொண்டால் போதும், இறுக்கிப் பிடிக்காமலே வண்டி ஓடும். எளிமையானவை சில நூறு ரூபாய்தான். “அட, ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமே!” என்று தோன்றுவது இயல்பு. வாங்கலாம். ஆனால் எந்த வண்டிக்கு எது ஏற்றது, எந்த வண்டியில் கூடவே கூடாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஏனென்றால் இதில் அடங்கியிருப்பது கைவலி மட்டும் அல்ல.

கை ஏன் வலிக்கிறது?

உங்கள் மிக்ஸியை நினைத்துப் பாருங்கள். குமிழை வலப்பக்கம் திருப்பினால் வைத்த இடத்தில் நிற்கும். நீங்கள் தேங்காய் உடைக்கப் போகலாம், அது பாட்டுக்கு அரைத்துக்கொண்டிருக்கும். இடப்பக்கம் திருப்பினாலோ, கையை எடுத்த மறுநொடி பழைய இடத்துக்கே வந்துவிடும், மிக்ஸி நின்றுவிடும்.

வண்டியின் ஆக்சிலேட்டர் இந்த இடப்பக்கத்துச் சமாசாரம்தான். கைப்பிடியை முறுக்கினால் உள்ளே ஒரு கேபிள் இழுபட்டு, எஞ்சினுக்குக் காற்று போகும் வழி திறக்கிறது. கையை விட்டதும் ஒரு ஸ்பிரிங் அந்த வழியைத் தானாக மூடிவிடுகிறது. அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து மணிக்கணக்கில் முறுக்கிப் பிடிப்பதுதான் வலிக்குக் காரணம். இடது கையை நடுவில் எடுத்து உதறிக்கொள்ளலாம். வலது கைக்கு அந்த வசதி கிடையாது.

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில், தையல் மெஷினில் நூலை இறுக்கும் திருகு மாதிரி, கைப்பிடிக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் ஆக்சிலேட்டர் வைத்த இடத்தில் நிற்கும். கைக்குச் சுகம்தான். ஆனால் ஓட்டுபவர் கீழே விழுந்தாலும் எஞ்சின் இரைந்துகொண்டே இருக்குமே! அதனால்தான் அமெரிக்காவில் 1974-இல் நடைமுறைக்கு வந்த விதி, கையை எடுத்தால் ஆக்சிலேட்டர் தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்றது. ஆகவே அந்த ஸ்பிரிங் நமக்கு எதிரி அல்ல, காவல்காரன்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை

முதலாவது, உள்ளங்கைத் தாங்கி. கைப்பிடியில் மாட்டும் வளைந்த பிளாஸ்டிக் துண்டு இது. உள்ளங்கையின் அடிப்பாகத்தை அதன்மேல் வைத்து லேசாக அழுத்தினால் கைப்பிடி திரும்பும். விரல்களால் இறுக்க வேண்டியதில்லை. கையைத் தூக்கினால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்துவிடும். மூன்றில் இதுதான் சாது.

இரண்டாவது, உராய்வு வளையம். கைப்பிடியின் நுனியில் ரப்பர் வளையத்தைச் செருகி, அது எளிதில் திரும்பாதபடி செய்வது. சிலர் வீட்டிலேயே கிடைத்த வளையத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். வளையம் கொஞ்சம் இறுகிவிட்டால் ஆக்சிலேட்டர் முழுதாக மூடாது.

மூன்றாவது, பூட்டு. கைப்பிடியைக் கவ்விப் பிடித்து, ஒரு முனையை பிரேக் பிடியின் மேல் ஊன்றிக்கொள்ளும். பூட்டிவிட்டால் கையையே எடுத்துவிடலாம். மிக்ஸியை வலப்பக்கம் திருப்பின மாதிரிதான். சாலை நெடுகக் காலியாகக் கிடக்கும் நாடுகளில் நூற்றுக்கணக்கான மைல் போகிறவர்கள் இதை விரும்புகிறார்கள். நம் நெடுஞ்சாலையிலோ எதிர்த் திசையில் டிராக்டர் வரும், குறுக்கே ஆடு வரும், நடுவில் திடீரென்று தடுப்பு வைத்திருப்பார்கள். இங்கே பூட்டு வேண்டவே வேண்டாம்.

பார்வையற்றவர் தந்த வசதி

“கார்களில் க்ரூஸ் கண்ட்ரோல் இருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?” என்று கேட்பீர்கள். இல்லை.

அதைக் கண்டுபிடித்த கதையே சுவையானது. ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்க எஞ்சினியர் ஐந்து வயதில் பார்வையை இழந்தவர். அவருடைய வக்கீல் கார் ஓட்டும்போது, பேசினால் வேகம் குறையுமாம், கேட்டுக்கொண்டிருந்தால் கூடுமாம். அந்தக் குலுக்கல் பொறுக்காமல்தான் வேகத்தைச் சீராக்க ஒரு கருவி செய்ய நினைத்தார் என்பார்கள். 1950-இல் காப்புரிமை கிடைத்தது. 1958-இல் க்ரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் கார்களில் வந்தது. இப்போது நம் நாட்டு இருசக்கர வண்டிகள் சிலவற்றிலும் இந்த வசதி வந்துவிட்டது. 2025-இல் ஹீரோ நிறுவனம் 125 சி.சி. வண்டி ஒன்றிலேயே இதைக் கொடுத்தது.

க்ரூஸ் கண்ட்ரோல் வேகத்தைக் கவனிக்கிறது. பூட்டோ கைப்பிடியை மட்டும் பிடித்து வைக்கிறது. மேடு வந்தால் வண்டி திணறும். இறக்கம் வந்தால் தானாக வேகம் பிடிக்கும். அதைவிட முக்கியம், பிரேக்கைத் தொட்டதுமே க்ரூஸ் கண்ட்ரோல் விலகிவிடும். பூட்டு விலகாது. நாம்தான் எடுக்க வேண்டும். பதறும் நேரத்தில் அது ஞாபகம் வருமா?

ஸ்கூட்டரில் என்ன வித்தியாசம்?

சகோதரிகளே, இதுதான் முக்கியமாக நீங்கள் கவனிக்க வேண்டியது.

கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் இடது கைப்பக்கம் கிளட்ச் இருக்கிறது. ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டாலும் கிளட்ச்சை அழுத்தினால் எஞ்சின் இரையுமே தவிர, சக்கரத்துக்கு விசை போகாது. நாம் ஓட்டும் கியர் இல்லாத ஸ்கூட்டரிலோ இரண்டு பக்கமும் பிரேக்தான். கிளட்ச் உள்ளே ஒளிந்திருந்து, எஞ்சின் வேகம் ஏறியதும் தானே இணைந்துகொள்கிறது. அதாவது, கைப்பிடி முறுக்கிக்கொண்டால் வண்டி புறப்பட்டே தீரும். அதைத் துண்டிக்க நம் கையில் பிடி எதுவும் இல்லை.

இப்போது சாதுவான அந்த உள்ளங்கைத் தாங்கியையே ஸ்கூட்டரில் மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன் பிரேக்கும் வலது கையில்தானே இருக்கிறது? அவசரமாக விரலை நீட்டிப் பிரேக் பிடிக்கும்போது உள்ளங்கை தாங்கியை அழுத்தினால், பிரேக்கும் முறுக்கலும் ஒன்றாக விழும். கடை வாசலில் எஞ்சினை அணைக்காமல் வண்டியைத் திருப்பும்போது பையோ முந்தானையோ அதில் மாட்டினாலும் வண்டி பாயும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தை. முன்னால் நின்றுகொண்டு வரும் குழந்தை பிடித்துக்கொள்ள எதையாவது தேடும். துருத்திக்கொண்டிருக்கும் அந்தத் துண்டு அதற்கு நல்ல பிடியாகத் தெரியும்! அந்தப் பிஞ்சுக் கை அழுத்துகிற அழுத்தமே ஸ்கூட்டர் கிளம்பப் போதும். குழந்தையை முன்னால் நிற்க வைப்பதே சரியில்லை என்பது வேறு. 2022-இல் அறிவித்து 2023-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

ஆகவே முடிவு இதுதான். நெடுந்தூரம் போகும் மோட்டார் சைக்கிளுக்கு, நெடுஞ்சாலையில் மட்டும், உள்ளங்கைத் தாங்கி சரி. ஊருக்குள் நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும். ஸ்கூட்டருக்கு எதுவும் வேண்டாம்.

மாட்டியதும் ஒரு சோதனை அவசியம். எஞ்சினை அணைத்துவிட்டு, கைப்பிடியை முழுக்க முறுக்கி விடுங்கள். “டக்”கென்று தானே திரும்ப வேண்டும். ஹேண்டில் பாரை இடக்கோடி, வலக்கோடி வரை திருப்பியும் இதே போலப் பாருங்கள். எங்காவது தயங்கினால் கழற்றி வைத்துவிடுங்கள்.

காசில்லாத வைத்தியம்

அப்படியானால் நம் கைவலிக்கு என்ன வழி? பல வீடுகளில் சாதனமே தேவைப்படாது.

கைப்பிடி கனமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அழுக்கேறிய கேபிள் ஸ்பிரிங்கைவிட அதிகமாகக் கையைச் சோதிக்கும். மெக்கானிக்கிடம், “ஆக்சிலேட்டர் டைட்டா இருக்கு, கேபிளைப் பாருங்க” என்று சொல்லுங்கள். எண்ணெய் விட்டோ மாற்றியோ தருவார். செலவும் குறைவு.

பிரேக் பிடி மிக மேலே அல்லது மிகக் கீழே இருந்தால் மணிக்கட்டு மடிந்தே இருக்கும். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக வரும்படி சரிசெய்யச் சொல்லுங்கள். வேகம் சீரானதும் பிடியைச் சற்றுத் தளர்த்தி, மணிக்கட்டு நேராக இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். துணி பிழிகிற மாதிரி இறுக்க வேண்டாம். தூரப் பயணமானால் முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி, விரல்களை மூடித் திறந்து, மணிக்கட்டைச் சுழற்றிவிட்டுப் புறப்படலாம்.

இளம் தாய்மாருக்கு

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான பாதை வழியே நரம்பு ஒன்று கைக்குள் போகிறது. அது நசுங்கினால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும்; ராத்திரியில் அதிகமாகத் தெரியும். கார்ப்பல் டனல் என்பார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடம்பில் நீர் கோத்துக்கொள்வதால் இது பலருக்கும் வரும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் குறைந்துவிடும். சர்க்கரை நோய், தைராய்டுக் கோளாறு இருந்தாலும் வரலாம். குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி, கட்டை விரலின் அடியில் மணிக்கட்டு வலிப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் வண்டி மட்டுமே காரணம் இல்லை; ஆனால் முறுக்கிப் பிடிப்பது வலியைக் கூட்டும்.

மரத்துப்போவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, டம்ளர் கை நழுவினாலோ, ரவிக்கைக் கொக்கி போடச் சிரமமானாலோ தைலம் தேய்த்துக்கொண்டே காலம் தள்ளாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் காட்டினால் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்றே பலருக்குப் போதும். விரல்களுக்கு உணர்ச்சி சரியாக இல்லாத நாளில் பிரேக்கும் சரியாகப் பிடிபடாது. அன்றைக்குக் குழந்தையோடு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய் வாருங்கள். வண்டி வாசலிலேயே இருக்கட்டும்.