காஃபினுக்கு வரி இல்லை

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். இரவு ஷிப்ட் பாதுகாவலர் வேலை, இனிப்பு நீருக்கு மெட்போர்மின் மாத்திரை. "சீனி இல்லாத எனர்ஜி பானம் குடித்தால் ரத்தத்தில் சீனி ஏறாதுதானே?"

ஏறலாம். கேனில் சீனி இல்லாவிட்டால் என்ன, உங்கள் ஈரலில் இருக்கிறதே.

மலேசியாவில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென்னாகத் தொடங்கிய வரி, 2025 ஜனவரியில் 90 சென் ஆனது. நல்லதுதான், 250 மில்லி கேன் ஒன்றில் 27 கிராம் சீனி வரை இருக்கிறது. ஆனால் உள்ளேயுள்ள 80 மில்லிகிராம் காஃபின் இந்தக் கணக்கில் வராது. டாரின், பி வைட்டமின் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் அலங்காரம். கண்ணைத் திறந்து வைப்பது காஃபின்தான்.

1819-இல் ருங்கே என்ற ஜெர்மானியர், கவிஞர் கோதே கொடுத்த கோப்பிக் கொட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். வரலாறு இவ்வளவு போதும்.

மூளை உழைக்க உழைக்க அடினோசின் சேரும். நரம்பணுவின் ஏற்பியில் அது வந்து உட்கார்ந்தால் தூக்கம். காஃபினும் அதே ஏற்பியில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் ஒரு வேலையும் செய்யாது. ஒட்டுக்கடையில் ஒரே ஒரு கோப்பியோடு பேப்பரை விரித்து மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் போல. வியாபாரம் இல்லை, மேசையும் போச்சு. பசியோடு வந்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். தினமும் இதே கதையென்றால் கடைக்காரர் கூடுதல் மேசை போடுவார்; மூளையும் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். நேற்று ஒரு கேனில் கிடைத்த விழிப்புக்கு இன்று இரண்டு வேண்டும். ஒருநாள் பெரியவர் வரவில்லையா, மொத்தக் கூட்டமும் எல்லா மேசைகளிலும் ஒரேயடியாக உட்காரும். அதுதான் கோப்பி குடிக்காத நாளின் தலைவலி. (ரொட்டி சானாய் வரை இதை இழுக்கலாம், ஆசிரியர் வெட்டிவிடுவார்.)

கதை மூளையோடு நிற்பதில்லை. காஃபின் அட்ரீனலினையும் கூட்டுகிறது. ஈரலுக்கு அது அவசர உத்தரவு: சேமித்து வைத்த கிளைகோஜனை உடைத்து குளுக்கோஸாக வெளியே விடு! தசையோ அந்த நேரத்தில் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் காதில் வாங்காது. விடியுமுன் கோப்பி-ஓ குடித்துவிட்டுப் பால்வெட்டப் போன பாட்டிக்கு இதனால் பெரிய தொல்லையில்லை. மரத்துக்கு மரம் நடக்கும் கால், இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். காவல் கூண்டில் நாற்காலியிலேயே இருக்கும் பேரனுக்கு அது ரத்தத்தில்தான் சுற்ற வேண்டும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், வழக்கமாகக் கோப்பி குடிக்கும் இரண்டாம் வகை இனிப்பு நீர் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் காஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். பகல்நேரச் சராசரி குளுக்கோஸ் 7.5 விழுக்காடு கூடியது. 2008-இல் வெளியான ஆய்வு. பத்தே பேர் என்பதால் இதற்கு முரசு கொட்ட மாட்டேன். நெடுங்காலம் கோப்பி குடிப்பவர்களுக்கு இந்நோய் வருவது குறைவு என்ற எதிர்ச்செய்தியும் உண்மைதான். ஆனால் காஃபின் நீக்கிய கோப்பியிலும் அதே போக்கு தெரிவதால், புகழ் காஃபினுக்குச் சேராது. டின்பால் ஊற்றிய ஈப்போ வெள்ளைக் கோப்பிக்கும் சேராது.

இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: கை நடுக்கம், படபடப்பு எல்லாம் காஃபினாலும் வரும், சீனி இறங்கினாலும் வரும். விரலைக் குத்திப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

சுங்கை சிப்புட்காரருக்கு: ஒரே மாதிரி இரவுச் சாப்பாடு, ஓர் இரவு கேனோடு, ஓர் இரவு கேனில்லாமல். இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். விடியற்காலை நான்கு மணிக் கேன் மட்டும் வேண்டாம். ஒன்பது மணிக்குப் படுக்கும்போதும் அதில் பாதி உடம்பில்தான் இருக்கும்.