பழைய ஜிப்சி வாங்கப் போகிறீர்களா? எந்த ஆண்டு வண்டி என்று முதலில் கேளுங்கள்!

கரோல்பாக்கில் பழைய கார் விற்கும் கடைகளின் பக்கம் போகும் நம்மவர்கள், மற்ற கார்களை விட்டுவிட்டு ஜிப்சியைச் சுற்றிச் சுற்றி வருவது உண்டு. மேலே கித்தான் கூரை. வேண்டாம் என்றால் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, காற்று வாங்கிக்கொண்டு போகலாம். சேறானாலும் மேடானாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். "ஊரிலே மலைத்தோட்டத்துக்குப் போய்வர இதைவிட்டால் வேறு வண்டி ஏது?" என்கிறார்கள் ஏற்காடு, கொடைக்கானல் பக்கத்துக்காரர்கள்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் தரகரிடம் விலை கேட்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்த ஆண்டு வண்டி?

ஜிப்சி 1985-ம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. பொதுமக்களுக்கு விற்பது 2019-ல் நின்றது. இத்தனை ஆண்டுகளிலும் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டால் 1990 வண்டியும் 2010 வண்டியும் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். உள்ளே இருப்பதோ வேறு வேறு வண்டி.

நான்கு வகை

முதலில் வந்தது 970 சி.சி. என்ஜின், 45 குதிரைசக்தி, நான்கு கியர். சமவெளியில் ஓடும். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் மேட்டில் முனகும். சக்கரங்களுக்கு இடையே அகலம் குறைவு என்பதால் வளைவில் வேகமாகத் திருப்பினால் வயிற்றைக் கலக்கும். 1993-ல் இந்த அகலத்தைக் கூட்டினார்கள். என்ஜின் மட்டும் பழையதே.

1996-ல் "ஜிப்சி கிங்" வந்தது. 1,298 சி.சி. என்ஜின், 60 குதிரைசக்தி, ஐந்து கியர். ஆனால் இதுவும் கார்புரேட்டர் வண்டிதான். 2000-ம் ஆண்டில் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் எம்.பி.எப்.ஐ. முறை வந்தது. அதே 1,298 சி.சி.யில் சக்தி 80 குதிரையாக உயர்ந்தது. மிதித்தால் லேசாகப் பிடிக்கும்படி பிரேக்குக்கு பூஸ்டரும் வைத்தார்கள். மலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த 80 குதிரையைவிட இந்த பூஸ்டர் பெரிய விஷயம்.

பட்டை வில் மட்டும் கடைசி வரை மாறவில்லை. எந்த ஆண்டு ஜிப்சியானாலும் பின்சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு பதில் சொல்லும்!

கார்புரேட்டர் வண்டியே நல்லது என்று வாதாடும் மெக்கானிக்குகள் உண்டு. வழியில் நின்றால் ஒரு ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் போதும். கம்ப்யூட்டர் வைத்துச் சோதிக்க வேண்டாம் என்பார்கள். அது உண்மை. ஆனாலும் 1996 கிங் இன்று கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்ட வண்டி. கித்தான் வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் அதன் தரைத் தகட்டையும் சேஸிசையும் எத்தனை வருடம் தின்றிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்பத்தை ஏற்றிச் செல்லப் போகிறீர்கள் என்றால் 2000-க்குப் பிந்திய வண்டியைப் பாருங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

டெல்லிச் சட்டம்

என்ஜின் மட்டுமே பிரச்சினை என்றால் இந்தக் கட்டுரை தேவையில்லை. டெல்லியில் வண்டியின் ஆயுளையே ஆண்டுதான் முடிவு செய்கிறது.

15 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் தலைநகரில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல் உத்தரவிட்டது. டீசல் வண்டிக்கு 10 ஆண்டு என்று 2015-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் இதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1-ந் தேதி முதல் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு பெட்ரோல் பங்குகளில் எரிபொருள் தருவதில்லை என்று தொடங்கி, எதிர்ப்பு வந்ததால் சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கடும் நடவடிக்கை கூடாது என்று தடுத்தது. டிசம்பரிலோ, அந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ்-4 மற்றும் அதற்குப் பிந்திய வண்டிகளுக்கு மட்டுமே என்று சுருக்கியது.

டெல்லியில் பாரத் ஸ்டேஜ்-4 கட்டாயமானது 2010 ஏப்ரலில். ஆகவே இங்கேயே வைத்து ஓட்ட நினைப்பவர்கள் அதற்கு முந்திய ஜிப்சியைத் தொடவே வேண்டாம்.

ஜிப்சியில் கம்பெனியே டீசல் என்ஜின் வைத்து விற்றதில்லை. "டீசல் ஜிப்சி, மைலேஜ் பிரமாதம்" என்று யாராவது சொன்னால், என்ஜினை மாற்றிய வண்டி என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

"இது விண்டேஜ் வண்டி சார், சட்டமெல்லாம் இதற்குக் கிடையாது" என்று சொல்லும் தரகர்களும் இருக்கிறார்கள். 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவு நடந்து 50 ஆண்டு ஆன வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. முதல் ஜிப்சியே 2035-ல்தான் அந்த வயதை எட்டும். அப்படிப் பதிந்த வண்டியையும் தினசரி ஓட்ட அனுமதி இல்லை.

ஊருக்குக் கொண்டுபோனால்?

எனக்குத் தெரிந்த ஏற்காட்டுக்காரர் ஒருவர் இங்கே ஓர் அலுவலகத்தில் டிரைவர். ஓய்வு பெறச் சில ஆண்டுகள் இருக்கும்போது, பி.எப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்து "2001 மாடல்" ஜிப்சி ஒன்றை வாங்கினார். தமிழ்நாட்டில் டெல்லியைப் போல 15 ஆண்டோடு முடிந்துவிடாது. தகுதிச் சோதனையில் தேறினால் பதிவைப் புதுப்பிக்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கில் தவறில்லை. தடையில்லாச் சான்றும் கிடைத்து வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது.

அங்கே ஆய்வுக்கு நிறுத்தியபோதுதான் விவகாரம் புரிந்தது. ஆர்.சி.யில் இருந்தது கித்தான் கூரை. வண்டியில் இருந்ததோ முன்பு வைத்திருந்தவர் பற்றவைத்த இரும்புக் கூரை. என்ஜின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. யாரோ எப்போதோ எஸ்டீம் கார் என்ஜினைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். "ஓட்டிப் பார்த்தேன் தம்பி, என்ஜின் பூப்போல இருந்தது. நம்பரைப் பார்க்கத் தோணலியே" என்றார் என்னிடம். எட்டு மாதமாக அந்த ஜிப்சி பலாமரத்தடியில் நிற்கிறது. இப்போது அதில் கோழி அடைகிறது.

கம்பெனி விவரத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முன் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிந்து என்ஜின் மாற்றியிருந்தால் குற்றமில்லை. பதியாமல் மாற்றிய வண்டிதான் சந்தையில் அதிகம். பார்சல் கவுண்டரில் உட்காரும் எனக்கு மூட்டையைவிட ரசீதை முதலில் பார்த்துப் பழக்கம். வண்டி வாங்குகிறவர்களுக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

ஆர்.சி.யில் பதிவுத் தேதி ஒன்று. உற்பத்தி மாதமும் ஆண்டும் தனியே இருக்கும். 2000-ல் பதிவான வண்டி 1999-ல் செய்ததாக இருக்கலாம். பானெட்டைத் திறந்து கார்புரேட்டரா, எம்.பி.எப்.ஐ.யா என்று கண்ணால் பாருங்கள். என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் டார்ச் அடித்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண் உள்ள இடத்தில் புது வெல்டிங்கோ, உப்புத்தாள் தேய்த்த அடையாளமோ தெரிந்தால் டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பணம் கொடுக்கும்போதே 29, 30-ம் எண் படிவங்களில் விற்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தடையில்லாச் சான்றுக்கு 28-ம் எண் படிவம். வண்டிக்கு 15 ஆண்டு முடிவதற்கு முன்பே இதை வாங்கிவிடுவது நல்லது. முடிந்தபின் பொருந்தும் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு கட்டாயம்; ஆயுள் வரியும் உண்டு. 15 ஆண்டு ஆன காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் ரூ.5 ஆயிரம் கட்டணம். 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அதை ரூ.10 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள். மலிவு என்று 1995 வண்டியை வாங்குகிறவர்கள் இதையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ராணுவம் கழித்து ஏலம் விடும் ஜிப்சிகளும் வெளியே வருகின்றன. பெரும்பாலும் கித்தான் கூரையோடு, கம்பெனி செய்தபடியே இருக்கும். ஏலத்தில் எடுத்தவர் பெயரில் ஏலக் காகிதம் இருக்கிறதா, வண்டி பொதுப் பதிவுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். "பதிவெல்லாம் நீங்களே செய்துகொள்ளலாம்" என்றால் அந்த வண்டி வேண்டாம்.

கித்தான் கிழிந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. புதிதாகத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம். கூரையைத் தாங்கும் கம்பிகள் வளையாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பிறகு காலடி விரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.