கை கழுவத் தண்ணீர் எங்கே?

நோய்க்குச் சாதி தெரியாது என்று மேடைகளில் பேசுகிறோம். 1918-இல் விஷக்காய்ச்சல் பம்பாயைத் தாக்கியபோது எடுக்கப்பட்ட இறப்புக் கணக்கு வேறு கதை சொல்கிறது. அந்நகரில் வாழ்ந்த ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தார்கள். சாதி இந்துக்களில் சுமார் 19 பேர். ‘கீழ்ச்சாதி’ என்று அதிகாரிகள் எழுதிவைத்த நம் மக்களில் ஆயிரத்துக்கு 61 பேருக்கும் மேல். கிருமி எல்லோருக்கும் ஒன்றுதான். நெருக்கடியான குடியிருப்பும், அரை வயிற்றுச் சாப்பாடும், வைத்தியம் எட்டாத தெருவும்தான் சாவைப் பெருக்கின.

அதே எச்1என்1 வகைக் கிருமி 2009-இல் பன்றிக்காய்ச்சலாக வந்தது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்டில் புனேயில் இந்தியாவின் முதல் சாவு. பிறகு 2020-இல் கொரோனா. ஒவ்வொரு முறையும் நமக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான்: முகக்கவசம் போடு, கையைக் கழுவு, விலகி நில். மூன்றும் சரியானவை. மூன்றையும் தெரிந்து செய்ய வேண்டும்.

இருமினாலும் தும்மினாலும் தெறிக்கும் நுண்ணிய துளிகளில் கிருமி பரவுகிறது. மூக்கு, வாய், தாடை மூன்றையும் மூடினால்தான் அது முகக்கவசம். தாடைக்குக் கீழே தொங்கினால், பேருக்குக் கட்டிய துணி, அவ்வளவுதான். கரும்புக் காட்டில் தனியாக நிற்கையில் கழற்றலாம். வேனில் நெருக்கி உட்காரும்போதும் வெல்ல ஆலைக் கொட்டகையில் கூடி நிற்கும்போதும் போட வேண்டும். வியர்வையில் நனைந்தால் மாற்ற வேண்டும். எனவே ஆளுக்கு இரண்டு துணிக் கவசமாவது தேவை. சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்தால் மறுநாளைக்கு ஆகும்.

இந்தக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான உறை இருக்கிறது. சோப்பு அதை உடைத்துவிடும். விலை கூடிய சானிடைசர் இல்லாவிட்டாலும் சாதாரண சோப்பில் 20 விநாடி தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் தண்ணீர்? ஜேடர்பாளையத்தில் காவிரிக்குத் தடுப்பணை இருக்கிறது. ராஜவாய்க்கால் இங்கிருந்துதான் பிரிகிறது. இந்தக் கரையில் நின்று கேட்போம்: ஊர்த் தெருக் குழாயில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது, காலனிக் குழாயில் எத்தனை மணி நேரம்? மாணவர்கள் ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். கணக்குக் கையில் இருந்தால் கிராம சபையில் யாரும் மறுத்துப் பேச முடியாது. 1927-இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தது இந்த உரிமைக்காகத்தான்.

அடுத்தது விலகி நிற்பது. கொரோனா காலத்தில் ‘சமூக இடைவெளி’ என்றார்கள். தலைமுறைகளாக நம்மை ஒதுக்கி வைத்ததற்கும் அந்தச் சொல் பொருந்திப் போனது. ‘உடல் இடைவெளி’ என்று சொல்லலாம் என உலக சுகாதார நிறுவனமே பின்னர் கூறியது. இடைவெளி எல்லோருக்கும் ஒரே அளவென்றால் அது மருத்துவம். டீக்கடையில் நமக்கு மட்டும் தனி டம்ளர் என்றால் அது தீண்டாமை. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்த குற்றம்.

துப்புரவுப் பணியாளர்களைத் தூய்மைப் பணியாளர்கள் என்று 2020-இல் தமிழக அரசு பெயர் மாற்றியது. பெயர் மட்டும் போதாது. கையுறையும் முகக்கவசமும் காலணியும் அவர்களுக்கு நாள் தவறாமல் கிடைக்க வேண்டும். நம் பங்கும் உண்டு. பயன்படுத்திய கவசத்தைக் கத்தரித்து, காகிதத்தில் சுற்றி, 72 மணி நேரம் தனியே வைத்திருந்து பிறகு குப்பையில் போடச் சொன்னது 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தெருவில் எறிந்தால் அதைப் பொறுக்குவது பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்தான்.

கூலி போகுமே என்று காய்ச்சலோடு வேலைக்குப் போகாதீர்கள். வேனில் வருகிற அத்தனை பேருக்கும் அது பரவும். கர்ப்பிணி, குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால் முதல் நாளே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஃப்ளூ மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். மூச்சு வாங்கினால் யார் வீட்டிலும் காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

முகக்கவசம் நம் கையில் இருக்கிறது; இன்றே கட்டுவோம். குழாய் ஊராட்சியின் கையில் இருக்கிறது. அடுத்த கிராம சபையில் எழுதிக் கொடுத்துக் கேட்போம்.