விரிகுடாவுக்குள் அலை ஏன் அடங்குகிறது?

வெளியே வங்கக் கடல் இரைந்துகொண்டிருக்க, திருகோணமலைத் துறைமுக விரிகுடாவுக்குள் இருக்கும் மார்பிள் பீச்சில் தண்ணீர் குளம்போலக் கிடக்கிறதே, எப்படி?

நிலமுனைகள் அலையை மறிக்கின்றன. முனையோரமாக நுழையும் அலையும் வளைந்து பரவுகிறது; இருக்கும் ஆற்றலை நீண்ட முகட்டில் பங்கிட வேண்டியிருப்பதால் உயரம் குறைகிறது. உயரம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். எனக்கு வியப்பூட்டுவது இந்தக் கணக்குதான்! உள்ளே புதிதாகப் பேரலை எழவும் வழியில்லை. அதற்குக் காற்று திறந்த நீர்ப்பரப்பில் நெடுந்தூரம் வீச வேண்டும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் இன்னும் அமைதி. சாப்பாடு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போக அதுவே காலம். ஆனால் இது ஆழத்துக்குப் பேர்போன இயற்கைத் துறைமுகம். அலை இல்லையே என்று ஆழத்தையும் குறைவாக எண்ணிவிடாதீர்கள். பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே குளிக்க விடுங்கள்.