பர்ஸை மேடைக்கே எடுத்து வந்த 'சோல்' ராணி: அரேத்தா ஃப்ராங்க்ளினுக்கு அமெரிக்க வானொலி ஏன் காசு தரவில்லை?

2015 டிசம்பர். வாஷிங்டன் கென்னடி மையத்தில் கௌரவிப்பு விழா. மாடத்தில் அதிபர் ஒபாமாவும் மனைவி மிஷெலும். பக்கத்தில், அன்று கௌரவிக்கப்பட்டவர்களில் ஒருவரான பாடலாசிரியர் கரோல் கிங். தரையைத் தொடும் ஃபர் கோட்டுடன் 73 வயதுப் பாடகி ஒருவர் மேடைக்கு வருகிறார். கையில் இருந்த சின்ன பர்ஸை பியானோ மேல் வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பிக்கிறார். பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒபாமா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கடைசியில் பாடகி எழுந்து நடுமேடைக்கு வந்து, கோட்டை அப்படியே தரையில் நழுவவிட்டு உச்சஸ்தாயியில் பாட, அரங்கமே எழுந்து நிற்கிறது.

அவர்தான் அரேத்தா ஃப்ராங்க்ளின். உலகம் 'சோல் இசையின் ராணி' என்று அழைத்தவர். அந்த வீடியோவைப் பார்த்த எல்லோரும் கோட்டைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனா அந்த பர்ஸுக்குப் பின்னால்தான் பெரிய கதை இருக்கு.

பாடுவதற்கு முன்பே சம்பளத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கையில் வாங்கிக்கொள்வது அரேத்தாவின் வழக்கம். பணம் கைக்கு வராமல் மேடை ஏற மாட்டார். வாங்கிய பணம் இருக்கும் பையையும் பெரும்பாலும் கண் எதிரிலேயே வைத்துக்கொள்வார். 18 கிராமி விருது வாங்கிய ஒரு பாடகி ஏன் இப்படி இருந்தார்? அதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையையும், அமெரிக்காவின் ஒரு விநோதமான சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில், 'சோல்' என்றால் என்ன?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பாடப்படுவது காஸ்பல் இசை. போதகர் ஒரு வரியைச் சொல்வார், சபை பதில் சொல்லும். ஒரே சொல்லை இழுத்து, வளைத்து, அழுகையும் ஆனந்தமும் கலந்து பாடுவார்கள். இந்தப் பாணியை அப்படியே எடுத்து, கடவுளுக்குப் பதிலாகக் காதலன், காதலி, வாழ்க்கை, வலி பற்றிப் பாடினால் எப்படி இருக்கும்? 1950களில் ரே சார்ல்ஸ், சாம் குக் போன்றவர்கள் அதைத்தான் செய்தார்கள். கூடவே ரிதம் அண்ட் ப்ளூஸ் தாளமும் சேர்ந்தது. அதுதான் சோல். கோயிலில் பாடுகிற குரலை இப்படி வெளியே கொண்டுபோனதை அன்று பல பக்தர்கள் துரோகமாகவே பார்த்தார்கள்.

அரேத்தா பிறந்ததே அந்தத் தேவாலய உலகத்தில்தான். 1942 மார்ச் 25, டென்னசி மாநிலம் மெம்ஃபிஸ். அப்பா சி.எல்.ஃப்ராங்க்ளின் பாப்டிஸ்ட் போதகர். பின்னர் டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் தேவாலயத்துக்குப் பொறுப்பேற்றார். அவரது பிரசங்கங்கள் இசைத்தட்டாக வெளிவந்து விற்றன என்றால் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். காஸ்பல் இசையின் பெரும் நட்சத்திரங்களான மஹலியா ஜாக்சனும் கிளாரா வார்டும் அந்த வீட்டுக்கு விருந்தாளிகளாக வந்துபோனார்கள்.

வெளியே இருந்து பார்த்தால் வசதியான வீடுதான். ஆனா உள்ளே நடந்தது வேறு. அரேத்தாவுக்கு 6 வயதாகும்போது பெற்றோர் பிரிந்தார்கள். 10 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்தபோது அம்மா மாரடைப்பில் இறந்துபோனார். 12 வயதில் அரேத்தாவுக்கு முதல் குழந்தை. 14 வயதில் இரண்டாவது. பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்ள, அவர் அப்பாவின் காஸ்பல் குழுவோடு ஊர் ஊராகப் பாடப் போனார். இந்தக் காலத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க அவர் அதிகம் பேசியதே இல்லை.

இசைக் குறிப்புகளைப் படிக்க அவருக்குத் தெரியாது. பியானோ முழுக்கக் காதால் கேட்டே கற்றது. 1956இல், 14 வயதில், அப்பாவின் தேவாலயத்திலேயே பதிவான அவரது முதல் ஆல்பம் வெளிவந்தது.

வீணாய்ப்போன 6 வருடங்கள்

சாம் குக் காஸ்பலில் இருந்து பாப் இசைக்குப் போய் ஜெயித்ததைப் பார்த்து அரேத்தாவுக்கும் ஆசை வந்தது. 1960இல் கொலம்பியா நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. ஜாஸ், நாடகப் பாடல்கள், மெல்லிசை என்று என்னென்னவோ பாட வைத்தார்கள். குரல் அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். பெரிய ஹிட் மட்டும் வரவில்லை. தேவாலயத்தில் வளர்ந்த குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த நிறுவனத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

1966 இறுதியில் அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறினார். அங்கே தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் செய்தது ஒரே ஒரு வேலை: அரேத்தாவைப் பியானோ முன் உட்காரவைத்து, அவர் போக்கில் பாட விட்டார்.

1967 ஜனவரி 24. அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் என்ற சின்ன ஊரில், ஃபேம் ஸ்டூடியோவில் பதிவு. வாசிக்க வந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதி வெள்ளைக்கார இளைஞர்கள். சில மணி நேரத்தில் ஒரு பாட்டு முடிந்தது. வந்திருந்த அனைவருக்கும் தெரிந்துவிட்டது, ஏதோ பெரிசா நடந்திருக்கு என்று. ஆனா அன்று குடி, வாய்த்தகராறு, பிறகு ராத்திரி ஓட்டலில் அரேத்தாவின் அப்போதைய கணவருக்கும் ஸ்டூடியோ உரிமையாளருக்கும் கைகலப்பு. பதிவு பாதியில் நின்றது. அரேத்தா ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். வெக்ஸ்லர் அசரவில்லை. அதே இசைக்கலைஞர்களை நியூயார்க்குக்கு வரவழைத்தார்.

அங்கேதான், பிப்ரவரி 14 அன்று, 'ரெஸ்பெக்ட்' பதிவானது.

ஆண் எழுதிய பாட்டு பெண்ணின் பாட்டானது எப்படி?

'ரெஸ்பெக்ட்' அரேத்தாவின் சொந்தப் பாட்டு இல்லை. ஓட்டிஸ் ரெடிங் எழுதி 1965இல் பாடியது. சம்பாதித்துக் களைத்து வீடு திரும்பும் ஆண், மனைவியிடம் கொஞ்சம் மரியாதை கேட்கிறான். இதுதான் பாட்டின் சாரம். பாப் பட்டியலில் 35வது இடம் வரை போனது.

அரேத்தா அதைக் கையில் எடுத்தபோது கேட்கிற ஆளே மாறிவிட்டார். இப்போது பேசுவது பெண். அவளிடமும் காசு இருக்கிறது, அவள் யாரிடமும் கெஞ்சவில்லை, தனக்குரியதைக் கேட்கிறாள். தங்கை ஒருவர், அக்கா ஒருவர் என உடன்பிறந்த கரோலினும் எர்மாவும் பின்னணி பாடினார்கள். 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து உச்சரிக்கிற அந்தப் பிரபலமான இடம், இன்று உலகமே சேர்ந்து பாடுகிற இடம், ரெடிங்கின் மூலப் பாட்டில் கிடையவே கிடையாது. அது ஃப்ராங்க்ளின் வீட்டுப் பெண்கள் சேர்த்தது. கிங் கர்ட்டிஸ் வாசித்த சாக்ஸஃபோன் பகுதியும் புதுசு.

1967 ஜூனில் அமெரிக்காவின் நம்பர் 1 பாடல் அது. அதே மாதம் மான்டரே இசை விழா மேடையில், இந்தப் பாட்டை ஒரு பெண் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டதாக ரெடிங்கே வேடிக்கையாகச் சொன்னார். ஆறு மாதத்தில், 26 வயதில், விமான விபத்தில் அவர் இறந்துபோனார்.

கறுப்பின மக்கள் சம உரிமைக்காக வீதியில் நின்ற வருடங்கள் அவை. பெண்ணுரிமைக் குரல்களும் எழுந்துகொண்டிருந்தன. இரண்டு தரப்புக்குமே இது கீதமாகிவிட்டது. ஒரு காதல் பாட்டுக்கு இந்தப் பொறுப்பு தேவையா என்றால், மக்கள் கேட்டு எடுத்துக்கொண்டது. யாரும் திட்டம் போட்டுக் கொடுத்ததில்லை.

சரி, காசு யாருக்குப் போனது?

அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், ராயல்டி அந்தப் பாட்டை எழுதியவருக்கும் அதன் உரிமையை வைத்திருக்கும் பதிப்பாளருக்கும் மட்டுமே. (அங்கே பாட்டை எழுதியவர் என்றால் வரியும் மெட்டும் சேர்த்துப் போட்டவர்.) பாடியவருக்கு? ஒரு சென்ட்கூட இல்லை. வாசித்தவர்களுக்கும் இல்லை.

'ரெஸ்பெக்ட்' வெளியானதிலிருந்து அமெரிக்க வணிக வானொலிகளில் குறைந்தது 74 லட்சம் முறை ஒலித்திருக்கலாம் என்று, பாடலாசிரியர்களுக்கு ராயல்டி வசூலிக்கும் பிஎம்ஐ அமைப்பின் மதிப்பீடு 2018இல் வெளியானது. இத்தனை ஒலிபரப்புக்கான பணமும் ரெடிங் குடும்பத்துக்கும் பதிப்பாளருக்கும்தான் போயிருக்கும். தன் பெயருக்கு அடையாளமான பாட்டிலிருந்தே அரேத்தாவுக்கு வானொலி வருமானம் பூஜ்யம். இசைத்தட்டு விற்பனைப் பங்கும் கச்சேரிக் கட்டணமும் மட்டுமே அவருடையது.

ஏன் இப்படி? 1909ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் பாட்டை ஒரு படைப்பாகப் பார்த்தது, ஒலிப்பதிவைப் பார்க்கவில்லை. ஒலிப்பதிவுக்கு மத்திய அரசின் காப்புரிமை வந்ததே 1972 பிப்ரவரியில்தான். அப்போதும் வானொலிக்கு விலக்கு தொடர்ந்தது. 'நாங்கள் ஒலிபரப்புவதால்தான் உங்கள் தட்டு விற்கிறது, அதுவே இலவச விளம்பரம்' என்பது வானொலி நிறுவனங்களின் வாதம். வளர்ந்த நாடுகளில் பெரும்பாலானவை இந்த வாதத்தை ஏற்கவில்லை. அங்கெல்லாம் வானொலி பாடகருக்கும் பணம் தருகிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. இணைய வானொலி வந்தபிறகு பாடகர்களுக்கும் ராயல்டி தரும் ஏற்பாடு வந்தது. ஆனா 1972க்கு முந்தைய பதிவுகளுக்கு அது பொருந்தாது என்ற ஓட்டை இருந்தது. 1967இல் பதிவான 'ரெஸ்பெக்ட்' அதிலும் மாட்டிக்கொண்டது. அந்த ஓட்டையை அடைக்க 2014இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்த மசோதாவுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ரெஸ்பெக்ட்' சட்டம். நிறைவேறவில்லை. கடைசியில் 2018 அக்டோபரில் வேறொரு சட்டத்தின் வழியாக ஓட்டை அடைபட்டது. அரேத்தா இறந்து இரண்டு மாதம் கழித்து. ஏ.எம்., எஃப்.எம். வானொலிக்கான விலக்கை அந்தச் சட்டமும் தொடவில்லை.

இப்போது அந்த பர்ஸ் புரிகிறது இல்லையா? ரொக்கம் கேட்பதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கறுப்பினக் கலைஞர்களை மேனேஜர்களும் கச்சேரி ஏற்பாட்டாளர்களும் தட்டு நிறுவனங்களும் ஏமாற்றியதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர் அவர். ஒப்பந்தத் தாளைவிட எண்ணி வாங்கிய நோட்டை நம்பினார்.

மற்றவர்களுக்கு என்று வந்தால் அவர் கை வேறு மாதிரி. மார்ட்டின் லூதர் கிங் குடும்ப நண்பர். 1967இல் கிங்கின் இயக்கத்துக்கு நிதி திரட்டும் கச்சேரிகளில் பாடினார். 1970இல் கறுப்பினப் போராளி ஏஞ்சலா டேவிஸ் கைதானபோது, ஜாமீன் தொகையைத் தானே கட்டுவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். போதகரான அப்பா தடுத்தும் கேட்கவில்லை. கறுப்பின மக்கள் தந்த பணம், அவர்களுக்கே பயன்படட்டும் என்பதே அவர் சொன்ன நியாயம்.

46 வருடம் பெட்டியில் கிடந்த படம்

புகழின் உச்சத்தில் இருந்தபோது, 1972 ஜனவரியில், அரேத்தா திரும்பவும் தேவாலயத்துக்கே போனார். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் இரண்டு இரவு காஸ்பல் பாடினார். 'அமேசிங் கிரேஸ்' என்ற அந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது.

அந்த இரவுகளை இயக்குநர் சிட்னி பொல்லாக் படமாகவும் எடுத்தார். ஆனா கிளாப் அடிக்க மறந்துவிட்டார்கள்! எந்தக் காட்சிக்கு எந்த ஒலி என்று பொருத்தவே முடியவில்லை. படம் பெட்டிக்குள் போனது. பல வருடம் கழித்து டிஜிட்டல் தொழில்நுட்பத்தில் அதைச் சரிசெய்து வெளியிடப் பார்த்தபோது, தன் அனுமதி இல்லாமல் வெளியிடக்கூடாது என்று அரேத்தா நீதிமன்றம் போய்த் தடுத்தார். ரசிகர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனா தன் குரலை அடுத்தவர் விற்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? குடும்பத்தின் சம்மதத்தோடு படம் திரையைத் தொட்டது அவர் மறைவுக்குப் பிறகு, 2018 நவம்பரில்.

நடுவில் சோகங்களும் குறைவில்லை. 1979இல் டெட்ராய்ட் வீட்டில் புகுந்தவர்கள் அப்பாவைச் சுட்டார்கள். ஐந்து வருடம் நினைவில்லாமல் கிடந்து 1984இல் அவர் இறந்தார். அதே காலத்தில் ஒரு சிறிய விமானம் நடுவானில் மோசமாகக் குலுங்கியதில் பயந்துபோய், அரேத்தா விமானம் ஏறுவதையே விட்டுவிட்டார். அதன்பிறகு கச்சேரிகளுக்கெல்லாம் பஸ்தான்.

பெருமைகள் தொடர்ந்தன. 1987இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் இடம்பெற்ற முதல் பெண். 2009இல் ஒபாமா பதவியேற்பில் அவர் பாடியதோடு, அன்று அணிந்திருந்த பெரிய போ வைத்த தொப்பியும் பிரபலமானது. இறந்தபின் 2019இல் புலிட்சர் சிறப்புக் கௌரவம்.

சோபாவுக்கு அடியில் கிடைத்த உயில்

2018 ஆகஸ்ட் 16 அன்று, கணையப் புற்றுநோயால் 76 வயதில் டெட்ராய்டில் காலமானார். உயில் எதுவும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2019 மே மாதம் வீட்டைத் துழாவியபோது, கையால் எழுதிய உயில்கள் கிடைத்தன. 2010ஆம் ஆண்டுத் தேதியிட்டது பூட்டிய அலமாரியில். 2014ஆம் ஆண்டுத் தேதியிட்டது சோபா மெத்தைக்கு அடியில், ஸ்பைரல் நோட்டில்!

எது செல்லும் என்று மகன்களுக்குள்ளேயே வழக்கு. சோபா நோட்டில் இருந்த கையெழுத்தில், 'ஏ' எழுத்துக்குள் சிரிக்கும் முகம் ஒன்றை அவர் வரைந்து வைத்திருந்தார். அது கையெழுத்துதானா என்றுகூட வாதம் நடந்தது. 2023 ஜூலையில் மிச்சிகன் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொன்னது: 2014 உயிலே செல்லும்.

வீடு யாருக்கு என்பதில் இரண்டு உயில்களும் வேறுபட்டன. பாடல் வருமானம் நான்கு மகன்களுக்கும் போக வேண்டும் என்பதில் மட்டும் இரண்டும் ஒன்று. பாடகர்களுக்கும் வானொலி பணம் தர வேண்டும் என்ற மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பத் தாக்கலாகிறது, இன்னும் சட்டமாகவில்லை. அதனால் அந்த வருமானத்தில், எஃப்.எம்.மில் 'ரெஸ்பெக்ட்' ஒலிப்பதற்கான பங்கு இன்றைக்கும் கிடையாது.